நான்காவது சட்டத்தில் பெயர் இல்லை

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஐலீன் உலு திராம் கடைவீதியில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிப்படியில் ஏறினாள். ஒவ்வொரு படியையும் ஒற்றைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுகாலை எடுத்து வைத்தாள். எட்டு வருஷமாக மரப் பட்டறையில் ஏணியும் சாரமுமாய்ப் பழகிய பெண், முப்பத்தாறு வயதில் ஒரு சிமெண்டுப் படிக்கட்டுக்குப் பயப்பட்டாள். வரும் வழியில் காரை இரண்டு முறை ஓரங்கட்டி பிரேக்கைச் சோதித்துப் பார்த்திருந்தாள்.

மாடியில் சுல்தான் இருந்தார். இருபத்தாறு வருஷம் காப்புறுதி நிறுவனங்களுக்காக விபத்துகளை ஆராய்ந்தவர் அவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, சரிந்த கூரை, எல்லாவற்றையும் பார்த்து, எது விதி, எது ஆள் செய்த வேலை என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின், புரியாத விபத்துகளோடு வருபவர்களுக்கு விடை தேடித் தர, தம்பியின் கடைக்கு மேலே ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருக்கும் வாசுகி முன்பு பாசிர் கூடாங் தொழிற்சாலையொன்றில் தரச் சோதனை பார்த்தவள். வந்தவர் பாதிக் கதை சொல்வதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடும் வேகம் அவளுக்கு. பிடித்த ஆள் பெரும்பாலும் தப்பான ஆளாக இருப்பார். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை.

ஐலீன் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டாள். பிறகு சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸ் என்பவர் நடத்தும் பட்டறையில் அவளுக்கு வேலை. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அங்கே மரச்சட்டங்களைக் கையாலேயே செய்கிறார்கள். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் இரும்பு ஆணி கிடையாது. உத்திரத்தின் நுனியை நாக்கு மாதிரிச் செதுக்கி, தூணில் குடைந்த துளைக்குள் செலுத்தி, இரண்டையும் ஊடுருவும்படி பாசாக் என்கிற மர முளையை அடித்து இறுக்குவார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போடுவது ஐலீன். வெட்டுவது டாரில். வெட்டியதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும் ஐலீன்தான். தூக்கி நிறுத்தும் வேலைக்குக் கமலநாதன் பொறுப்பு. மற்றபடி சுமக்கவும் தேய்க்கவும் வங்காளதேசத்துக்காரர்கள் இருவர்.

இப்போது நடப்பது சாஆ என்ற ஊரில் ஒரு சிற்றாலயத்தின் பக்கத்தில் எழும்பும் மண்டபம். மொத்தம் நான்கு சட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு தூணும் ஒரு உத்திரமும். மரம் எல்லாம் செங்கால் என்கிற கெட்டியான காட்டு மரம், பழையது. சிகாமாட் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அந்த நீளத்திலும் கனத்திலும் இனிக் கிடைக்காது என்று ஸ்டானிஸ்லாஸ் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எத்தனை பேர் அதன் அடியில் உயிரை விட்டார்களோ என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சட்டங்களைப் பட்டறைத் தரையிலேயே கோத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. சில நாள் கழித்து, லாரியில் ஏற்றுவதற்காக முதல் சட்டத்தைப் பிரித்தபோதுதான் ஆரம்பித்தது. துளையிலிருந்து வெளியே வந்த நாக்கின் மேல் சிவப்பு மெழுகுக்கட்டியால் ‘டாரில்’ என்று தமிழில் எழுதியிருந்தது. சட்டம் கோத்த பிறகு, அதைப் பிரிப்பதற்கு மூன்று நாள் முன்னால், டாரிலின் இடது உள்ளங்கையை அவனுடைய உளியே கிழித்திருந்தது. பதினெட்டு வருஷம் உளி பிடித்தவன். கையில் ஒரு கீறல்கூட அதுவரை இருந்ததில்லை. 

அடுத்த வாரம் கமலநாதன் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து இரண்டாவது சட்டத்தைப் பிரித்தார்கள். உள்ளே ‘கமலநாதன்’.

“நேத்து மூணாவது சட்டத்தைப் பிரிச்சாங்க,” என்றாள் ஐலீன். “உள்ள என் பேரு இருந்துச்சு, பாய். எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல.”

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் குரல் சன்னமாகிவிட்டது. வாசுகி எழுதுவதை நிறுத்தினாள்.

ஸ்டானிஸ்லாஸ் பாதிரியாரை அழைத்து மரத்தின் மேல் தீர்த்தம் தெளிக்க வைத்ததாகவும், திங்கட்கிழமை சாஆவில் சட்டங்களை நிறுத்தியே தீருவேன் என்று நிற்பதாகவும், அவளை மட்டும் வீட்டிலிருக்கச் சொன்னதாகவும் ஐலீன் சொல்லி முடித்தாள். வீட்டிலிருந்தால் மட்டும் வராதா என்ற கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சுல்தான் கேட்டது எல்லாம் சில்லறைக் கேள்விகள். பெயர் எழுதியது காயத்துக்கு முன்னால் என்று எப்படித் தெரியும்? கோத்து இறுக்கிய பிறகுதானே காயம் பட்டது, இறுகின மூட்டுக்குள்ளே போய் யார் எழுத முடியும் என்றாள் அவள். முடியாதுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிரித்த உடனேயே பெயரைப் பார்த்தார்களா? இல்லை, மூன்று முறையும் காலையில் பிரித்தார்கள், வெயிலில் வெடிக்காமல் இருக்க நாக்குகளை ஈரச் சாக்கால் மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்கள், திரும்பி வந்து சாக்கை எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அவள் கோடு எதனால் போடுகிறாள்? முன்பெல்லாம் பென்சில், இரண்டு மாதமாகத் தடித்த வெள்ளை மெழுகுக்கட்டி. பழைய மரம் கறுப்பு, பென்சில் தெரியவில்லை என்று டாரில் கேட்டுக்கொண்டான். மூட்டின் எண்ணை மட்டும் இன்னும் பென்சிலில் எழுதுகிறாள்.

“மரம் ஆள் கேக்குதுன்னு பட்டறையில பேச்சு வந்திருக்குமே. யார் முதல்ல சொன்னது?”

ஐலீன் யோசித்தாள். “டாரில்தான்னு நினைக்கிறேன். கையில கட்டோட நின்னுக்கிட்டு, இந்த மரத்தைத் திருப்பி அனுப்பிடலாம் பாஸ்னு சொன்னாரு. அப்ப நாங்க சிரிச்சோம்.”

*

பத்து மணிக்கு மூவரும் பட்டறைக்குப் போனார்கள். வாசலைத் தாண்டும்போது ஐலீன் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள். சங்கிலி, விட்டம், தொங்கும் விளக்கு, எல்லாம் இத்தனை நாள் அவள் தலைக்கு மேல்தான் இருந்தன. இன்று அவை ஒவ்வொன்றும் அவளுக்காகக் காத்திருப்பதுபோல் தோன்றியது.

ஸ்டானிஸ்லாஸ் அகலமான உடம்பும் தாழ்ந்த குரலும் உள்ள மனிதர். வெளியாளைக் கூட்டி வந்ததில் அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் ஐலீனின் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டார். நான்காவது சட்டம் அங்கே இல்லை. முன்வாசலுக்கான சிறிய சட்டம் அது; பிரிக்காமல் அப்படியே லாரியில் சாய்த்து ஏற்றி அதிகாலையிலேயே சாஆவுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்றின் துண்டுகளும் மரக்கால்களின் மேல் வரிசையாகக் கிடந்தன.

டாரில் அங்கேதான் இருந்தான். அவனுடைய மேசை உள்ளே வழக்கமான மூலையில் இல்லை. சுருள்கதவின் வெளிச்சத்தில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. காற்றுக்காக என்றான். வெளியே அவனுடைய மோட்டார் சைக்கிள் தார்ப்பாய்க்கு அடியில் காற்றுப் போன சக்கரங்களோடு நின்றது. வண்டி ரிப்பேர் என்பதால் ஒரு மாதமாகக் கமலநாதனின் காரில் வந்து போவதாகவும், கமலநாதனுக்குக் கை முறிந்தபின் அவர் மகன் அதை ஓட்டுவதாகவும் ஐலீன் சுல்தானிடம் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். டாரில் மட்டும் தே ஓ கோசோங், சர்க்கரை பால் இரண்டும் இல்லாதது. சுல்தான் நீட்டிய கோப்பைக்கு அவன் கை நீட்டியபோது விரல்கள் சற்றுத் தள்ளிப் போயின. கட்டுப்போட்ட கையாயிற்றே என்று ஐலீன் கோப்பையை வாங்கி அவன் வலது கையில் கொடுத்தாள்.

கமலநாதன் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். விழுந்த ஏணியை வாசுகி தேடி எடுத்தாள். மூன்றாவது படியில் பாசி வழுவழுத்தது. அன்று மழை பெய்திருந்தது. யாரும் தள்ளவில்லை, அறுக்கவுமில்லை என்று கமலநாதன் தானே சொன்னார். வேலைநேரச் சீட்டில் விழுந்த நாளிலிருந்து அவர் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகைதான் இருந்தது.

பிறகு சுல்தான் மூன்று நாக்குகளையும் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். டாரிலின் பெயர் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கமலநாதனின் பெயர் அதைவிடப் பெரிது. ஐலீனின் பெயர் நாக்கு முழுவதையும் அடைத்து, கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டி உத்திரத்தின் தோளில் ஏறியிருந்தது. தன் பெயரை அவ்வளவு பெரிதாக, சிவப்பாக, இரண்டாம் முறை பார்க்க ஐலீனால் முடியவில்லை. சுருள்கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“ஐலீன், இங்க வாங்கம்மா. ஒரு துண்டு மரத்துல இதே மாதிரி நாக்கும் துளையும் இருக்கா?”

இருந்தது, பழகுவதற்காக வெட்டிப் போட்ட துண்டுகள். சுல்தான் அதே சிவப்புக் கட்டியால் ஒரு பெயரை எழுதச் சொன்னார். அவள் தன் பெயரை எழுதத் துணியாமல் ‘மரம்’ என்று எழுதினாள். பக்கத்தில் பென்சிலால் ஒரு எண். நாக்கைத் துளைக்குள் விட்டு, மரச்சுத்தியால் அடித்து இறுக்கி, மறுபடி அடித்து வெளியே எடுத்தார்கள். பென்சில் எண் சாம்பல் இழுவலாக நீண்டிருந்தது. ‘மரம்’ என்ற சொல் ஒரு சிவப்புத் தேய்ப்பாக மாறியிருந்தது. ஒரு எழுத்தும் தேறவில்லை.

சுல்தான் மூன்றாவது நாக்கைக் காட்டினார். ஐலீன் கோப்பதற்கு முன் எழுதிய பென்சில் எண் அங்கேயும் இழுபட்டிருந்தது. அதன் மேலேயே ஓடிய சிவப்புப் பெயரில் ஒரு கோடுகூட நலுங்கவில்லை.

“மூட்டுக்குள்ள இருந்து வந்த எழுத்து இல்ல இது,” என்றார். “பிரிச்ச பிறகு, நீங்க சாப்பிடப் போன நேரத்துல, சாக்கைத் தூக்கி எழுதினது. காயம் பட்டதுக்கு அப்புறம் எழுதின பேரு. உங்க பேரைப் பாத்து யாருக்கும் எதுவும் நடக்கப் போறதில்ல.”

நேற்றிலிருந்து ஐலீனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. ஆனால் அது இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பேய் இல்லை என்றால் ஆள். நேற்று அவள் பட்டறைக்குப் பின்னால் அமர்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், அவளுக்குத் தெரிந்த ஒரு கை அவளுடைய பெயரை எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறது. ஸ்டானிஸ்லாஸ், கமலநாதன், டாரில் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எட்டு வருஷமாகப் பழகிய முகங்கள். பேயே தேவலாம் என்று பட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கும் சத்தத்துக்குக்கூட எழுந்து நின்றாள்.

மத்தியானம் வாசுகி போன் செய்தாள். கமலநாதன்தான் என்பது அவளுடைய முடிவு: விழுந்ததற்குச் சாட்சி இல்லை, பாசியைத் தேய்த்து வைப்பதா பெரிய வேலை? பின்னாலிருந்து சுல்தானின் குரல் கேட்டது. வலது கை மாவுக்கட்டில் இருக்கும் மனிதர், தன் கையெழுத்தையே போட முடியாமல் ரேகை வைப்பவர், ஐந்து விரற்கடை உயர எழுத்தைச் சாப்பாட்டு வேளைக்குள் எப்படி எழுதினார் என்று கேட்டது அந்தக் குரல். பிறகு போன் கைமாறியது.

“ஐலீன், ரெண்டு விஷயம். நாலாவது சட்டத்தைப் பிரிக்க வேணாம், அப்படியே ஏத்திடலாம்னு சொன்னது யாரு?”

“டாரில்.”

“அதைக் கோத்தப்ப நாக்கைப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

“நான்தான் பாய். பாத்தேன்.”

போனை வைத்த பிறகுதான் அவள் தான் சொன்னது பொய் என்று உணர்ந்தாள். அன்று அவசரம். ஸ்டானிஸ்லாஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வருவதற்குள் டாரில் அந்த உத்திரத்தைத் தனியாளாகத் துளைக்குள் செலுத்திவிட்டு, பார்த்துட்டேன், போட்டுடு என்றான். டாரில் வெட்டியதைப் பார்க்காமலே கையெழுத்துப் போடலாம் என்பது பட்டறையில் ஒரு வேடிக்கைப் பேச்சு. அவள் போட்டுவிட்டாள்.

சுல்தானைத் திரும்ப அழைத்துச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். வைத்தாள்.

*

திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி. சாஆவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிற்றாலயத்தின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதன் பக்கத்தில் மூன்று சட்டங்கள் நின்றுவிட்டன. கறுத்த செங்கால் மரம், இரும்பு எங்கும் இல்லாமல், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றது. நான்காவதைக் கிரேன் தூக்கி முன்வாசலில் இறக்கியிருந்தது. கிரேனின் தூக்குப் பட்டை இன்னும் உத்திரத்தைப் பிடித்திருந்தது. கமலநாதன் நல்ல கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். வானம் மூடி, தூறல் விழுந்தது.

வீட்டிலிரு என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்லியும் ஐலீன் சுல்தானோடு காரில் வந்திருந்தாள். வழி நெடுக, தான் பார்க்காமல் கையெழுத்திட்டதை எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வந்து, ஒன்றையும் சொல்லாமல் இறங்கினாள்.

சுல்தான் கிரேன் ஓட்டுநரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். பிறகு ஸ்டானிஸ்லாஸிடம், பெயர் எழுதியவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன், எல்லோரும் இப்படி வாசலுக்குக் கீழே வாருங்கள் என்றார். ஸ்டானிஸ்லாஸ் வந்து நின்றார். கமலநாதன் வந்தார். வாசுகி நோட்டோடு வந்தாள். ஐலீன் தலைக்கு மேலே அந்த உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டாரில் நாலைந்து அடி தள்ளி, தூறலில் நின்றான்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்,” என்று சுல்தான் ஆரம்பித்தார். அவர் குரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. “ரெண்டு விபத்தும் விபத்துதான். யாரும் செய்யல. நடந்து முடிஞ்ச விபத்தை ஒருத்தர் எடுத்து, முன்னாலயே எழுதி வச்சிருந்த மாதிரி காட்டினாரு. எழுதினது தமிழ்ல. மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ் மலாய்ப் பள்ளியில படிச்சவர், தமிழ் எழுதத் தெரியாது. வங்காளதேசத்துப் பிள்ளைங்களுக்கும் தெரியாது. கமலநாதனுக்குத் தெரியும், கை இல்ல. மிச்சம் ரெண்டு பேரு.”

ஐலீன் திரும்பிப் பார்த்தாள். டாரில் அவளைப் பார்க்கவில்லை. அவன் பார்வை உத்திரமும் இடது தூணும் சேரும் இடத்தில் இருந்தது.

“மிரட்டணும்னு எழுதுறவன் இவ்வளவு பெருசா எழுத மாட்டான். இவரு எழுத்து வாரா வாரம் பெருசாச்சு. ஏன்னா, தான் எழுதறதே தனக்குத் தெரியணும். பென்சில் கோடு தெரியல, தடிச்ச வெள்ளைக் கோடு வேணும். மேசை வாசலுக்கு வந்துடுச்சு. மோட்டர் ஓட்டறது நின்னுபோச்சு. நான் கொடுத்த கோப்பை எங்க இருக்குன்னு கை தேடிச்சு. பதினெட்டு வருஷம் தப்பாத உளி, கையில பாஞ்சிடுச்சு.” அவர் டாரில் பக்கம் திரும்பினார். “டாரில், நனையிறீங்க. உள்ள வாங்க.”

டாரில் வரவில்லை.

“எதுக்காகப் பயமுறுத்தணும்னு யோசிச்சேன். எல்லாரும் பயந்து, அவர் சொன்னபடி கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? மரம் திரும்பிப் போயிருக்கும். மண்டபம் எழும்பியிருக்காது. அப்ப இந்த மரத்துல எங்கேயோ ஒரு தப்பு இருக்கு, அது அவருக்குத் தெரியும். மூணு சட்டத்தைப் பிரிச்சாங்க. நாக்கு நல்லா இருந்துச்சு. பிரிக்காம வந்தது இது ஒண்ணுதான். இதுல யாரு பேரும் இல்ல. பேரு எழுதணும்னா திறக்கணும். அவர் திறக்க விடல.”

தூறல் மழையாக வலுத்தது. ஐலீனின் கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. அது தண்ணீர்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. காலை நகர்த்த வேண்டும் என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை.

“டாரில், இந்த இடத்துல நிக்கலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்,” என்றார் சுல்தான். “கமலநாதன், பட்டையை அவிழ்க்கச் சொல்லுங்க.”

கமலநாதன் கையை உயர்த்தினார்.

“வேணாம்,” என்றான் டாரில். கத்தவில்லை. “ஐலீன், வெளிய வா. எல்லாரும் வெளிய வாங்க. அதைப் பிடிச்சிருக்கறது பசைதான்.”

*

யாரும் ஓடவில்லை. மெதுவாகத்தான் வெளியே வந்தார்கள். வேகமாக நடந்தாலே அது விழுந்துவிடும் என்பதுபோல. கிரேன் ஓட்டுநர் பட்டையைத் தளர்த்தவே இல்லை. யார் சைகை காட்டினாலும், தான் வந்து சொல்லும்வரை தளர்த்தக் கூடாது என்று சுல்தான் முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். பின்னால் அதைக் கேட்டபோது ஐலீனுக்கு ஆத்திரம் பொங்கியது. எங்களிடமும் சொல்லியிருக்கலாமே என்றாள். சொல்லியிருந்தால் நீங்கள் பயமில்லாமல் நின்றதே டாரிலுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும், பெயர் எழுதியது மட்டுமே குற்றம் என்று அவன் வாய்மூடி நின்றிருப்பான் என்றார் அவர். இருவர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அவளால் அவரை அன்றைக்கு மன்னிக்க முடியவில்லை.

சட்டத்தைத் தரையில் படுக்கவைத்தார்கள். இடது மூட்டின் முளைகளை ஸ்டானிஸ்லாஸே அடித்து வெளியே எடுத்தார். உத்திரத்தை இழுத்தபோது பாதி நாக்குத்தான் அதோடு வந்தது. மீதிப் பாதி தூணுக்குள்ளேயே நின்றது. இரண்டு முகங்களிலும் காய்ந்த பசை, தேன் நிறத்தில், மரத்தூள் கலந்து பளபளத்தது. முளை ஊடுருவிய துளை, ஒட்டவைத்த பாதியில் இருந்தது. பாசாக் பிடித்திருந்தது அந்த ஒட்டுத் துண்டை மட்டும்தான்.

வாசுகிதான் மெல்லிய குரலில் கேட்டாள், இது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று. வெறும் சட்டமாக இருக்கும்வரை நிற்கும் என்றார் சுல்தான். ஓடு ஏற்றினாலும் கொஞ்ச காலம் நிற்கும். அடைமழையில் ஓடு நனைந்து கனக்கும் ஒரு நாளில், பூசை முடிந்து ஆட்கள் ஒதுங்கி நிற்கும் நேரத்தில், தூண்கள் இரண்டு பக்கமும் விலகும். ஆலயத்தின் சிமெண்டு முற்றத்தில் பிள்ளைகள் தாயக்கட்டம் வரைந்து விளையாடிய சாக்பீஸ் கோடுகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன.

டாரில் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் இருப்பது யாருக்கும் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் கோடுகள் நெளிந்தன, பிறகு பார்க்கும் இடத்தின் நடுவில் புகை மாதிரி ஒன்று வந்து நின்றது. டாக்டரிடம் ஒரு முறை போனான். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போடாதே என்றார்கள். ஊசி என்றதும் திரும்பி வந்துவிட்டான். அப்புறம் ஒரு நாள் நான்காவது உத்திரத்தில் கோட்டைத் தவறாகப் பார்த்து நாக்கைக் குட்டையாக வெட்டிவிட்டான். அந்த மரம் இனிக் கிடைக்காது. கோடு தெரியாத ஆளுக்கு உளி வேலையும் கிடைக்காது. ஒட்டினான்.

“ஒட்டின அன்னையிலேருந்து தூக்கம் இல்ல, பாஸ்,” என்றான் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்து. ஆனால் அவன் முகம் அவருக்குச் சற்றுப் பக்கத்தில் திரும்பியிருந்தது. “விழுந்துருமோன்னு பயம். பிரிச்சா தெரிஞ்சிருமோன்னு அதுக்கும் பயம். நீங்களே இந்த மரம் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டா ரெண்டும் தீந்துரும்னு நினைச்சேன்.”

ஸ்டானிஸ்லாஸ் கையில் இருந்த ஒட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் பேரு எதுக்கு?” என்று ஐலீன் கேட்டாள். மூன்று நாளாக அவளைத் தின்றது அது ஒன்றுதான்.

“மத்தவங்க பயந்தா ஒதுங்கிப் போவாங்க. நீ போய்ப் பாப்ப. உன் பேரைப் பாத்தா நீ எல்லாத்தையும் திறந்து பாப்பேன்னு ஒரு பக்கம் நினைச்சேன். திறந்துடக் கூடாதேன்னும் நினைச்சேன்.” அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான். “உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் நினைச்சேன், ஐலீன்.”

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. மூன்று நாளாக அவள் படியை அழுத்திப் பார்த்து நடந்தாள். தன் வீட்டுக்குள்ளேயே எலிபோல ஒடுங்கிக் கிடந்தாள். அறைவதற்குப் பதில் ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பினாள். கூட்டிக்கூட்டி வைத்த வார்த்தைகள் எதுவும் அப்போது வரவில்லை.

“பாஸ், சோதனைத்தாள்ல இருக்கிற கையெழுத்து என்னுது. நான் நாக்கைப் பாக்கல. பாத்தேன்னு சுல்தான் பாய்கிட்டயும் பொய் சொன்னேன்.”

ஸ்டானிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தார். சுல்தானும் பார்த்தார், அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எட்டு வருஷத்தில் ஸ்டானிஸ்லாஸ் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை. இனி எந்தச் சட்டமும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்காமல் பட்டறையை விட்டுப் போகாது என்றார். அவள் ஒரு வாரம் வரவேண்டாம், பிறகு வந்து பேசட்டும் என்றார். டாரிலைப் பற்றி இன்றைக்கு எதையும் முடிவு செய்யமாட்டேன், முதலில் கண்ணைப் பார்க்கட்டும் என்றார். பிறகு கிரேன்காரரிடம் போய், வாசல் இல்லாமலே மூன்று சட்டங்களுக்கு மட்டும் வேலையைத் தொடரலாமா என்று விசாரிக்கத் தொடங்கினார். கமலநாதன் டாரிலின் பக்கத்தில் போய் நின்று, ஒரு மாதமாகத் தன் காரில் வந்தவன் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னார்.

மழை விட்டது. சுல்தானும் வாசுகியும் காரில் காத்திருந்தார்கள். ஐலீன் போகவில்லை. ஆலயத்தின் பக்கவாட்டுப் படியில் டாரில் உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

மிஷேலுக்குத் தெரியுமா என்று கேட்டாள். மிஷேல் அவன் மனைவி. சிங்கப்பூரில் வேலை, தினமும் விடியுமுன் எல்லையைக் கடந்து போய் வருபவள். தெரியாது என்று தலையசைத்தான். வீட்டில் பேப்பர் படிப்பதுபோல் கையில் பிடித்து உட்கார்ந்திருப்பானாம். அவள் காட்டும் போட்டோக்களைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பானாம்.

“நீ சொல்றியா, ஐலீன்?” என்றான். “நான் அவளைப் பாத்துச் சொல்ல முடியாது.”

ஐலீன் தன் போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி போகத் தொடங்கியதும் அவன் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, போனை அதில் வைத்து மூடினாள்.

“நீயே சொல்லு,” என்றாள். “நான் இங்கதான் இருப்பேன்.”

அவன் போனைக் காதில் வைத்தான். இரண்டு முறை மணி அடித்தது, மூன்று முறை. பிறகு அந்தப் பக்கம், வேலையிடத்து இரைச்சலுக்கு நடுவே, ஐலீன் என்ன விஷயம் என்று கேட்கும் பெண்குரல் வந்தது.

“மிஷேல்,” என்றான் அவன். “நான்தான் பேசறேன். வேலையைக் கொஞ்சம் நிறுத்திட்டுத் தனியா ஒரு இடத்துக்கு வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”